சீனித்தண்ணி

சின்ன வயதிலிருந்தே எனக்கு விடுப்பு, ஊர்க்கதை அறியும் ஆசை, அதிகம். பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் போய் நின்று, ஆர், ஏன், பிறகு என்ன நடந்தது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். "இவளுக்கு ஊர் உலகத்து விடுப்பெல்லாம் வேணும்" என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வார். அந்த விடுப்புக்குச் சம்பளம் தருகிற ஒரு வேலை இருக்கும் என்று உம்மாவும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

வேலையின் பெயர் ஆய்வு உதவியாளர். ஆய்வு, இனப்படுகொலைத் தடுப்பு பற்றியது. போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. அந்தச் சொல்லைக் கல்முனைச் சந்தியில் நின்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் ஆருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வீட்டில் "சேர்வே வேலை" என்று சொல்லிவைத்தேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் சேர்வேக்குப் பஞ்சமே இல்லை என்பதால் ஒருவரும் மேலே கேட்கவில்லை. நான் போகும் வீடுகளில்தான் கேட்டார்கள். "இந்தச் சேர்வேக்கு வீடா தருவீங்க, படகா?" ஒன்றும் இல்லை, கதை மட்டும்தான் என்றால், "அப்ப என்னத்துக்கு வெயிலுக்குள்ள அலையிற?" என்று இரக்கப்பட்டுத் தேத்தண்ணி தருவார்கள்.

உண்மையில் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஊரோடு ஊர் மோதுவதற்கு முன்னால் என்னென்ன மாறுகிறது என்று கேட்டுத் திரிந்தேன். தேத்தண்ணிக் கடையில் ஒரே மேசையில் இருந்தவர்கள் வேறு வேறு மேசைக்குப் போவார்களாம். தயிர்க்காரி நம் வீட்டில் விட்டுப்போன வெறும் சட்டிகளையெல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கேட்பாளாம். பொத்துவிலில் ஒரு மீன் வியாபாரி, கலவரத்துக்கு முதல் நாள் கடன் சொல்லி வாங்குகிறவர்கள் கையில் காசோடு வந்தார்கள் என்றார். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க, பிறகு, பிறகு என்று என் மனம் ஓடும். இவ்வளவு பயங்கரமான விஷயத்தை இவ்வளவு ஆசையோடு கேட்கிறோமே என்று சில நேரம் எனக்கே கூச்சமாக இருக்கும்.

எங்கள் ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை. தமிழ் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரிந்தவர். கலவரம் எங்கே வந்தது என்பதைவிட எங்கே வராமல் போனது என்பதில்தான் அவருக்கு அக்கறை. அடுத்த சனத்தை, உறவுமில்லை இனமுமில்லை என்ற ஆட்களை, உயிரைப் பணயம் வைத்து ஒளித்து வைத்தவர்கள் ஏன் அதைச் செய்தார்கள் என்று அறிய விரும்பினார். அவர் சொல்லித் தந்ததில் இரண்டு எனக்குள் ஒட்டிக்கொண்டன. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. சொல்லப்பட்ட கதை சொன்னவருக்கே சொந்தம், அவர் சம்மதமில்லாமல் அது வெளியே போகக் கூடாது. எழுதி முடித்த கதைகளிலிருந்து ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் எடுத்துவிடுவதும் என் பொறுப்புத்தான். இங்கேயும் ஆட்களின் பெயர்கள் இல்லை, பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். அவளுக்கு இருபது வயதிருக்கும். என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவாள், அகதி முகாமில் என் பாயில்தான் படுத்துக் கிடந்தாள். அவளுடைய உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. பேக்கரிக்காரரின் மகனுக்கும் அவளுக்கும் கலியாணம் முடிவாகியிருந்தது. அவன் அவளைவிட ஒன்றரை வயது மூத்தவன், கட்டாரில் வேலை. அவனுடைய உம்மாவும் அதே காலையில் கடலோடு போனவர்தான்.

இந்தச் சம்பந்தத்துக்கு ஒரு கதை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெள்ளாமை வெட்டுக் காலம். இரண்டு குடும்பத்துக்கும் இறக்காமம் பக்கம் அடுத்தடுத்து வயல். ஆம்பிளைகள் நெல்லோடு ஊருக்குப் போயிருந்த நேரம் தமிழருக்கும் எங்களுக்கும் கலவரம் தொடங்கி, பாதை மூடப்பட்டுவிட்டது. வயல் வாடிக் குடிசையில் இரண்டு பெண்களும் இரண்டு கைக்குழந்தைகளும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைத் தன் வீட்டு நெல் அறைக்குள் ஒளித்து வைத்தது, அந்த வயலில் வெட்டுக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண். அந்த இருட்டறைக்குள் இருந்துதான் இரண்டு தாய்மாரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தால் உன் மகனுக்கு என் மகள். இப்போது இருவரும் இல்லை, வாக்கு மட்டும் இருந்தது. வீட்டுத் திட்டம் முழுவதும் அந்தக் கலியாணத்தைத் தங்கள் வீட்டுக் கலியாணமாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கதையை அடுத்த வீட்டு மாமா, அதாவது பெண்ணின் தகப்பன், பேராசிரியையிடம் சொன்னார். அந்தத் தமிழ்ப் பெண் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார், மகளின் கலியாணத்துக்கும் சொல்லியாயிற்று என்றார். பேராசிரியைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும்தான்.

இரண்டு பேரும் அவரைத் தேடிப் போனோம். அந்தத் தமிழ் அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. வயலோரத்தில் ஓட்டு வீடு. சுவரில் மாலை போட்ட படம் ஒன்று, அரும்பு மீசைப் பையன். எங்களைக் கண்டதும் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. தங்கள் சட்டியில் சமைத்ததை நாங்கள் சாப்பிடுவோமோ மாட்டோமோ என்று தமிழர் வீடுகளில் ஒரு தயக்கம் இருக்கும், கேட்டுச் சங்கடப்படுத்தாமல் இளநீரையோ சோடாவையோ நீட்டிவிடுவார்கள். எங்கள் வீடுகளிலும் அவர்களுக்கு அப்படித்தான்.

அவர் கதை சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"பெரிய ஆக்கள் ரெண்டு பேரையும் அறைக்குள்ள வெச்சுப் பூட்டலாம், தங்கச்சி. புள்ளைகளை என்ன செய்யிற? நெல்லு அறைக்குள்ள இருந்து புள்ளச் சத்தம் வந்தா ஆருக்கு என்ன சொல்லுற? எனக்கும் கைக்குழந்தை இருந்தது. என்ட பாயில இருந்து சத்தம் வந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கதானே. அதான் அதுகள் ரெண்டையும் வாங்கிட்டு வந்து என்ட மகனோட கிடத்தினன்."

துவக்கோடு வந்தவர்கள் வெளியூர்த் தமிழ்ப் பொடியன்மார். இதெல்லாம் ஆருடைய பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் என்ட புள்ளைகள்தான் எண்டன். அந்தப் பொடியனைக் காட்டி இவன் மூத்தவன், என்ட மகனும் மற்றப் புள்ளையும் ரெட்டை எண்டன். அதுல ஒருத்தன் குனிஞ்சு பார்த்துட்டு, ரெட்டைக்கு முகச் சாடை இல்லையே எண்டான். தகப்பன்ட சாடை ஒண்டு, என்ட சாடை ஒண்டு எண்டன். போயிட்டாங்க."

பேராசிரியை மெல்லிய குரலில் அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்த நாட்களில் குழந்தைகளை எப்படி அமைதியாக வைத்திருந்தீர்கள்?

"என்னெண்டு? பால் குடுத்துத்தான். பெரியவன் எல்லாம் தின்னுற வயசுதான், ஆனா பயத்துல அவனும் நெஞ்சை விட்டு எழும்பல்ல. தாய்மாருக்கு நான் சொல்லல்ல. சீனித்தண்ணி குடுத்தன் எண்டுதான் சொன்னன். வேற சனத்துட பால் எண்டு மனம் சங்கடப்படுவாங்களே. பாவம், அதுகள் அந்த நிலைமையில இதையும் நினைச்சு அழணுமா?"

இதை மொழிபெயர்க்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. குழந்தைகளுக்கு அந்தப் பெண்ணே பால் கொடுத்தாராம் என்றேன். பேராசிரியை நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

எங்கள் மார்க்கத்தில் பால் உறவு இரத்த உறவைப் போன்றது. ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள், அவள் எந்தச் சனமாக இருந்தாலும், சகோதரங்கள். அவர்களுக்குள் கலியாணம் ஹராம், கூடப்பிறந்தவன் முன்னால் போல முக்காடும் தேவையில்லை. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் தாய்மார் இன்னொருத்தியின் பிள்ளையை நெஞ்சில் போடுமுன் பத்துத் தரம் யோசிப்பார்கள், போட்டால் ஊருக்கெல்லாம் சொல்லிவைப்பார்கள். அந்த இரண்டு உம்மாமாருக்கும் உண்மை தெரிந்திருந்தால் அப்படியொரு வாக்கே பிறந்திருக்காது. அந்த அக்காவுக்கோ மாப்பிள்ளை ஆர் என்றே தெரியாது. அந்தப் பெண் பிள்ளைக்குக் கலியாணமாம், சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், அடுத்த வீட்டு மதிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணம் இல்லை. சுனாமி தந்த இரண்டு அறை வீட்டுக்குத் தகப்பன் இன்னோர் அறை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்து, கட்டாரிலிருந்து வந்த செருப்பைப் போட்டுக் காட்டினாள். ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டானாம். "என்ட காலைக் கண்டதே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்தேன் என்று சொல்லித் தப்பினேன்.

ஒரு மௌலவியிடம் போனேன். ஆய்வுக்காக ஒரு விளக்கம் வேண்டும் என்று தொடங்கினேன், பொய்யும் இல்லை. ஐந்து தரம், பிள்ளை தானாக வாயை எடுக்கும் வரை குடித்திருக்க வேண்டும் என்றார். அதற்குக் குறைந்தால் உறவு உண்டாகாது.

"எத்தனை தரம் எண்டு பால் குடுத்தவங்களுக்கே நினைவில்லாட்டி?"

"நிச்சயமில்லாட்டி ஹராம் எண்டு தீர்ப்புச் சொல்ல ஏலாது. பேணுதலா விலகி இருக்கிறது நல்லம், அது வேற கதை." பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஆய்வுக்குத்தானே, மகள்?"

ஓம் என்றேன்.

வெளியே வந்ததும் எனக்கு உயிர் வந்தது. நினைவில்லை என்ற ஒரு சொல் போதும். இத்தனை வருடம் கழிந்து ஆருக்குத்தான் நினைவிருக்கும்? முந்தாநாள் தின்றதே எனக்கு நினைவில்லை. அன்று பின்னேரம் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இது புதிய உலகம். இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டு விளங்கிக்கொண்டார். பிறகு, கதை அந்தப் பெண்ணுடையது, அவரிடமே போ, ஆனால் பதிலை நீ கொண்டுபோகாதே என்றார். இந்த மனிசி என் மனதைப் படித்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

என் ஸ்கூட்டியில் தனியாகத்தான் போனேன். வழி நெடுக, கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் நான் நினைக்கிற பக்கம் விழும் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவ்வளவு காலம் மற்றவர்களின் கதையை விடுப்புக்காகக் கேட்டவள், முதல் தரமாக ஒரு கதை இப்படி இருக்கக் கூடாதா என்று கேட்கப் போனேன்.

அக்கா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கூட இருந்து கையால் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"அந்தப் புள்ளைகளுக்கு எத்தனை தரம் பால் குடுத்திருப்பீங்க, அக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "பசிச்ச நேரமெல்லாம் குடுத்தன். அதையும் எண்ணுவாங்களா?" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஏன் கேக்கிற?"

பொய் சொல்ல ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது. மாப்பிள்ளை ஆர் என்று சொன்னேன். எங்கள் சட்டத்தையும், மௌலவி சொன்னதையும் சொன்னேன். நினைவில்லை என்றால் தீர்ப்பில்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"நினைவில்லை எண்டு சொன்னாலே போதுமா?"

"போதும், அக்கா. ஒண்டும் சொல்லாம இருந்தாலும் போதும். இது உங்கட கதை. நீங்க சொல்லச் சொன்னாத்தான் நான் வாயத் திறப்பன்."

அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது தேத்தண்ணி கொண்டுவந்தார். இளநீர் இல்லை, அவருடைய கேத்தலில் கொதித்த பிளேன்டீ. நான் வாங்கிக் குடித்தேன். குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட மகனைச் சண்டைக்கெண்டு வன்னிக்குக் கொண்டுபோனாங்க. கடைசி வரைக்கும் வரல்ல. எலும்புகூடத் தரல்ல" என்றார். சுவர்ப் படத்துப் பையன்தான் அவன் என்று விளங்கியது. "மூண்டு பேர் என்ட நெஞ்சுல கிடந்தாங்க. ஒருத்தன் போயிட்டான். அண்டைக்குத் துவக்குக்கு முன்னால நிண்டு எல்லாம் என்ட புள்ளைகள் எண்டு சொன்னன். இண்டைக்கு ஒருத்தரும் துவக்கு நீட்டல்ல. இல்லை எண்டு சொல்லவா?"

நான் வெறும் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்தப் புள்ள அழுவாள்தானே" என்றார்.

"அழுவாள், அக்கா."

"நானே வந்து சொல்லுறன். உன்ட வாயால சொல்ல வேணாம்."

என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி வந்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தார். அடுத்த வீட்டில் தகப்பனும் மகளும் இருந்தார்கள். கலியாணத்துக்கென்று லீவில் வந்திறங்கியிருந்த மாப்பிள்ளையையும் கூப்பிட்டனுப்பினோம். அக்கா தான் இருந்த கதிரையை விட்டு எழும்பி, நின்றுகொண்டே சொன்னார். சீனித்தண்ணி என்று சொன்னது பொய் என்றார். உங்கட உம்மாமார் மேல ஒரு குற்றமும் இல்ல, மறைச்சது நான்தான் என்றார். நினைவில்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தது, அதை அவர் அங்கே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பேக்கரிக்காரரின் மகன் ஒரேயொரு கேள்விதான் கேட்டான். "உம்மாக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?" தெரியாது என்றார் அக்கா. அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழும்பி, அவருக்கு ஒரு ஓட்டோ பிடித்துக் கொடுக்கப் போனான்.

அவள் அழவில்லை. அன்று இரவு எங்கள் மதிலடியில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். மூத்த சகோதரனை நாங்கள் காக்கா என்போம்.

"நேத்து வரைக்கும் மாப்பிள்ளை. இண்டைக்குக் காக்காவாம். வாய்க்கு வருமா, ராத்தா?" என்றாள். "நீங்க அந்தக் கேள்வியைக் கேக்கப் போகாம இருந்திருந்தா?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பல மாதம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தச் செருப்பு வாசலுக்கு வெளியே வெயிலில் கிடந்து நிறம் போனது. அவன் கட்டாருக்குத் திரும்பிப் போனான். வீட்டுத் திட்டத்தில் சிலர், சேர்வேக்காரிக்கு வேறு வேலை இல்லையா என்று என் காதுபடவே கதைத்தார்கள்.

ஆய்வு முடிந்தது. பேராசிரியை எழுதியதில் அந்த அக்காவின் கதை ஒரு சின்னப் பகுதியாக வந்தது. பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன், பாலையும் எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார். காப்பாற்றியவருக்கும் காப்பாற்றப்பட்டவர்களுக்கும் உறவு இருந்ததா என்ற இடத்தில் வழக்கம்போல "இல்லை" என்று எழுதியிருந்தார். வாசித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "முதலில் இருக்கவில்லை" என்று மாற்றுவோம் என்றேன். மாற்றினார்.

அடுத்த வருடம் அவளுக்கு வேறு இடத்தில் சம்பந்தம் சரிவந்தது. அதே வீடு, அதே புதிய அறை. நிக்காஹ் அன்று பெண்கள் எல்லோரும் அந்த அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய தலையலங்காரம் இன்னும் முடியவில்லை, முக்காடு கதிரையில் கிடந்தது. உம்மா இருக்க வேண்டிய இடத்தில் அந்த அக்கா இருந்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆண் குரல் கேட்டது. "அம்மா, சாப்பிட்டீங்களா?"

பேக்கரிக்காரரின் மகன், அக்காவைத்தான் கேட்டான். கலியாணத்துக்கென்றே லீவு எடுத்து வந்திருந்தான். நாங்கள் எல்லோரும் பதறிப்போய் முக்காட்டை இழுத்தோம். அவன் அறைக்குள் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்த நேரத்திலும் விடுப்புத்தான், அவளைத்தான் பார்த்தேன். அவளுடைய கை கதிரைக்கு நீண்டது. முக்காட்டைத் தொட்டது. பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

"உள்ளுக்கு வாங்க, காக்கா" என்றாள்.